ஒத்திகையே இல்லாத நாடகம்

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் இப்போது சென்னையில் ஒரு நவீன நாடகக் குழுவில் இருக்கிறார். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் தாங்கள் படும் பாட்டைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் ஒத்திகை, பிறகு உடையோடு ஒத்திகை, விளக்கோடு ஒத்திகை, கடைசி நாளில் யாருக்கும் தூக்கமில்லை. பேச்சோடு பேச்சாக, "சார், நம்ம பக்கம் திருவிழாவுல வள்ளி திருமணம் போடுவாங்களே, அதுக்கு எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பாங்க?" என்று கேட்டார்.

ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. முருகனாக வந்தவரும் வள்ளியாக வந்தவரும் பெரும்பாலும் அன்று இரவு எட்டு மணிக்கு மேல்தான் மேடைக்குப் பின்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கிவிடும். விடிய விடிய நாடகம். இடையில் இருந்த அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர்களுடைய மொத்தத் தயாரிப்பும். அந்த ஒன்றரை மணி நேரத்தின் சரித்திரத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இதற்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறு ஊர், டான்ஸ் வேறு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்கள் தனி. திரைச்சீலையும் மைக் செட்டும் இன்னும் இருவரிடம் வாடகைக்கு வரும். ஊர்ப் பெரியவர்கள் ஏஜெண்டிடம் சொல்லி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முன்பணம் கொடுத்து, தேதியைக் குறித்துக்கொள்வார்கள். அத்தனை பேரும் அந்த ஒரு ராத்திரிக்காகச் சேர்ந்து, காலையில் பிரிந்துவிடுவார்கள். மறுநாள் வேறு ஊர், வேறு வள்ளி, வேறு முருகன்.

இது ஒழுங்கு கெட்டுப்போய் வந்த பழக்கம் என்று படித்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் நாடகத்தில் ஒத்திகை என்பதையே ஒரு மதம் மாதிரி கடைப்பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் பல்லாரியிலிருந்து சரச வினோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதைப் பார்க்கும்வரை அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். பார்த்த பிறகு, அதே ஆண்டில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். மாலையில் வேலை முடிந்து வந்து பாடம் சொல்லிப் பார்ப்பார்கள். நாடகத்தை எழுதி, அச்சிட்டு, எழுதியபடியே பேச வேண்டும் என்பது அவர் கட்சி. சொன்ன நேரத்துக்குத் திரை தூக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதக்காரர். அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' கிடைத்தால் படியுங்கள். மேடைக்குப் பின்னால் நடந்த கூத்தெல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொருவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இவர் தொழில்முறை நடிகர். எமன், சனீஸ்வரன் வேடங்களில் பேர் வாங்கியவர். சனீஸ்வரன் வேடம் போட்ட ஒரு ராத்திரி முடிந்து, வேஷத்தைக் கழுவ விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனாராம். அங்கே அவரைக் கண்டு மிரண்ட ஒரு பெண் உயிர்விட்டாளாம். அதிலிருந்து வேஷம் கட்டுவதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். எப்படியோ, நடிகர் வாத்தியார் ஆனார். நாடகம் எழுதி, பாட்டு எழுதி, சொல்லிக்கொடுப்பவருக்கு அந்தக் காலத்தில் வாத்தியார் என்றுதான் பெயர். நாற்பது வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்!

பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்பதில்லை. குடி, சண்டை, இஷ்டத்துக்கு வசனம். ஆகவே சுவாமிகள் பையன்களைப் பிடித்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. தி.க. சண்முகமும் அவர் சகோதரர்களும் சிறுவர்களாக அங்கே சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை என்பது விடியலில் குரல் பயிற்சி, பகலில் பாடம், இரவில் நாடகம். தன் பாட்டு மட்டுமல்ல, எதிரில் நிற்பவன் பாட்டும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் ஏறி நிற்க வேண்டுமே! தூங்கி விழும் பையனைத் தட்டி எழுப்பி மேடைக்குத் தள்ளிவிட ஓர் ஆள் ஓரத்தில் காத்திருப்பார். அந்தப் பிள்ளைகள் பட்ட அடியையும் பட்டினியையும் நினைத்தால், கம்பெனிக் காலத்தைப் பொற்காலம் என்று ஒரேயடியாகப் புகழ எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பாடம் அவர்கள் எலும்பில் இறங்கியது. அதை மறுக்க முடியாது.

சுவாமிகளின் வேகம் பற்றிச் சண்முகம் அண்ணாச்சி 'எனது நாடக வாழ்க்கை'யில் எழுதியிருக்கிறார். பையன்களுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தாராம். அப்படிப்பட்டவருக்குக் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது.

இனிமேல்தான் விஷயமே. அவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமாக நிற்கவில்லை. அவரிடமும் அவர் வழியில் வந்த வாத்தியார்களிடமும் படித்த பையன்கள் வளர்ந்து, குரல் உடைந்து, கம்பெனியை விட்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அதே நாடகம், அதே பாட்டு, அதே வரிசை இருந்தது. நான்கு வெவ்வேறு கம்பெனியில் வளர்ந்த நான்கு பேரை ஒரு ராத்திரிக்குக் கூட்டிவந்து நிறுத்தினாலும் நாடகம் நடக்கும். அப்படி நிறுத்தியதுதான் ஸ்பெஷல் நாடகம். நட்சத்திரங்களைச் சேர்த்துப் போட்டதால் கூட்டமும் குவிந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926-இல் கொழும்பில் ஜோடி சேர்ந்ததும் இந்த வகையில்தான். யார் யாரை மிஞ்சுவார்கள் என்று பார்க்கத்தானே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்!

ஆக, ஒத்திகை இல்லை என்பது அரைகுறைப் பேச்சு. ஒத்திகை முன்னாலேயே, சின்ன வயதிலேயே, பல வருஷம் நடந்து முடிந்துவிட்டது. அன்று ராத்திரி மிச்சமிருந்தது, யார் எதை எந்தச் சுருதியில் எவ்வளவு நேரம் செய்வது என்று பேசிக்கொள்வது மட்டும்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். எண்பதுகளில் சிவகங்கைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தேன். ஊருக்கு நடுவில் கூரை போட்ட ஒரே கட்டடம் பள்ளிக்கூடம்தான். ஆகவே திருவிழா நாடகத்துக்கு அதுதான் வேஷம் கட்டும் அறை. சாவி என்னிடம் இருந்தது. அதனால் மூன்று நான்கு வருஷம் அந்த ஒன்றரை மணி நேரத்தை உள்ளே நின்று பார்த்தேன். மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஜன்னலில் ஊர்ப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் இருக்க இன்னொரு சேலை.

முதலில் எல்லோரும் தேடிப் போவது ஆர்மோனியக்காரரை. அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ராஜபார்ட்டைப் பார்த்து, "தம்பி, எத்தனை கட்டை?" என்பார். "அஞ்சுண்ணே. நேத்து அறந்தாங்கியில கத்துனது தொண்டை கட்டியிருக்கு. நாலரையில ஆரம்பிச்சு விடியங்காட்டி ஏத்திக்குவோம்." அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் திரும்புவார். ஒரு நோட்டு கிடையாது, சீட்டு கிடையாது. ஏழு பேருடைய கட்டையும், யாருக்கு எந்தப் பாட்டு வராது என்பதும் அவர் மனதுக்குள் ஏறிவிடும். பாடுகிறவர் சரணத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான். மேடையில் ஆள் தடுமாறுவது நமக்குத் தெரியாமல் போவது அவர் விரலால்தான். கம்பெனியில் வாத்தியார் உட்கார்ந்த நாற்காலி இங்கே ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் வந்துவிட்டது என்பேன்.

அடுத்து, வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். தினைப்புனத்தில் நாரதர் வந்து வள்ளியோடு வாதம் செய்வாரே, அது. அதற்கு வசனம் எழுதி வைப்பதில்லை. புராணம், திருக்குறள், விடுகதை, கேலி என்று எது வேண்டுமானாலும் வரும். ஒருமுறை சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தம்மா குரல் மட்டும் கேட்டது: "அண்ணே, தர்க்கம் எவ்வளவு நேரம் போவீக?"

நாரதர் முத்துவெள்ளையைக் குழைத்துக்கொண்டே, "ஊர்க்காரக மூணு மணிக்குள்ள கிழவன் வந்துரணும்னு சொல்லிட்டாக. முக்கால் மணி நேரம் போதும் தாயி. கேள்வி நான் போடுறேன், நீ மடக்கு" என்றார்.

"மடக்குனா கோவிச்சுக்கக் கூடாது."

"சபையில கோவிச்சாத்தான தாயி கைதட்டுவான்!"

அவ்வளவுதான். அன்று ராத்திரி அந்தத் தர்க்கம் ஒன்றேகால் மணி நேரம் போயிற்று.

அண்ணே, அக்கா, தாயி, தம்பி என்றுதான் அவர்கள் பேச்சு முழுக்க இருக்கும். முன்பின் பார்க்காதவர்களும் அப்படித்தான். விடியும்வரை காதலனும் காதலியுமாக நிற்கப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் அண்ணே, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொள்வதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தங்களுக்குள் மட்டும் புரியும் குழூஉக்குறி ஒன்றும் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர் யாராவது உள்ளே வந்து நின்றால் பேச்சு சட்டென்று அதற்கு மாறும். நானும் அந்த ஊர்க்காரர்களில் ஒருவன்தான் என்பதால் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

ஒப்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. வேஷம் போடுவதற்கு இன்றும் 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் மஞ்சள் நிறமான ஒரு தாதுப் பொருள். ஆர்சனிக் கலந்தது, விஷம். செந்நிறத்துக்கு இங்குலிகம், அது பாதரசம் கலந்தது. எண்ணெய் விளக்கும் காஸ் விளக்கும் இருந்த காலத்தில் கடைசி வரிசைக்கு முகம் தெரிய வேண்டுமானால் இப்படிப் பளீரென்ற வண்ணம் வேண்டியிருந்தது. அந்தக் கால நடிகர்கள் ராத்திரிக்கு ராத்திரி அதைத்தான் முகத்தில் பூசிக்கொண்டார்கள். நான் பார்த்த காலத்தில் முத்துவெள்ளையும் ரோஸ் பவுடரும் தேங்காய் எண்ணெயும்தான். மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்து உட்காரும்போது பலகையெல்லாம் ரோஸ் நிறம். துடைக்கச் சொன்னால் துடைக்க மாட்டார்கள், தொட்டுக் கன்னத்தில் பூசிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தைக் கூத்தாடிகளுக்குத் திறந்துவிடலாமா என்று ஊரில் ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவர்தான் நாடகத்துக்கு முதல் வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தவரும்!

இதெல்லாம் ஒரு புறம் இருக்கட்டும். எழுதிவைக்காமல், ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறியதால் இந்தத் தேசத்துக்கே ஒரு நன்மை நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

1876-இல் வெள்ளைக்காரன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். வங்காளத்தில் நீலத் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய நாடகம் போன்றவை அரசாங்கத்துக்கு உறுத்தியதன் விளைவு அது. அரசுக்கு எதிரானது என்று தோன்றும் நாடகத்தைத் தடுக்கலாம். முன்கூட்டியே பிரதியைக் கொண்டுவா என்று கேட்கலாம். எழுதி அச்சடித்த நாடகக்காரன் இதில் சுலபமாக மாட்டுவான். வள்ளி திருமணத்துக்கு எந்தப் பிரதியைக் கேட்பது? கேட்டாலும் கிடைப்பது முருகன் வள்ளியைக் கட்டிக்கொண்ட கதை. அதில் ராஜத்துரோகம் எங்கே இருக்கிறது?

துரோகமெல்லாம் திரைக்குப் பின்னால், அந்தக் கடைசி நேரத்தில்தான் உள்ளே புகுந்தது. எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று ஆர்மோனியக்காரரிடம் காதோடு சொன்னால் போதுமே! வள்ளி தினைப்புனம் காக்கும்போது பறவை விரட்டும் பாட்டுகள் வரும். அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. எந்த வெள்ளைக் கொக்கு என்று கூட்டத்துக்குத் தெரியும், கைதட்டல் வானத்தைப் பிளக்கும். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வெள்ளைச்சாமி என்பது ஒரு வேடிக்கை!

இதைப் பாடிப் பாடியே சிறைக்குப் போனவர் எஸ்.எஸ். விசுவநாத தாஸ். முருகன் வேடத்தில் கதர் கட்டிக்கொண்டு தேசபக்திப் பாட்டு பாடுவார். போலீஸ்காரர்களுக்கு வேறு வழி கிடையாது. முன்னாலேயே தடுக்கக் காகிதத்தில் எதுவும் இல்லை. வந்து உட்கார்ந்து பாட்டைக் காதால் கேட்டு, அதன் பிறகுதான் பிடிக்க வேண்டும். அதற்குள் கூட்டம் முழுவதும் பாட்டைக் கேட்டாயிற்று. முருகன் வேடத்தோடேயே அவரை மேடையிலிருந்து கூட்டிப்போனதும் நடந்திருக்கிறது. ஒருமுறை இருமுறை அல்ல, பல முறை.

அதே தாஸ், மேடைக்குப் பின்னால் வேறொன்றையும் பார்த்தார். அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். நாவிதன் மகனோடு ஜோடியாக நிற்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் கும்பிட்ட முருகன், திரைக்குப் பின்னால் இன்றைக்கு வள்ளி கிடைப்பாளா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. அண்ணே, தம்பி என்ற உறவுமுறை எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் கிடைத்துவிடவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

சுதந்திரம் வந்தும் சட்டம் போகவில்லை. 1954-இல் சென்னை மாநில அரசு தன் பங்குக்கு ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை நிறுத்தத்தான் அது வந்தது என்பது அந்தக் காலத்துப் பேச்சு. நாடகம் போடுகிறவர் பிரதியோடு போலீஸ் அலுவலகத்துக்கு நடக்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி நீதிமன்றம் போனார். 2013 ஜனவரியில்தான் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. என்னிடம் படித்த தம்பி இன்று கவலையில்லாமல் விளக்கையும் உடையையும் மட்டும் ஒத்திகை பார்ப்பதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இப்போது ஸ்பெஷல் நாடகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. மாசியிலிருந்து ஆடி வரை நம் பக்கம் இன்னும் வள்ளிக்குக் கல்யாணம் நடக்கிறது. விடிய விடிய உட்கார ஆள் இல்லாததால் பபூன், டான்ஸ் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது. போன வருஷம் ஓர் ஊரில் தர்க்கத்தை இருபது நிமிஷத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னதைக் காதால் கேட்டேன். பாய்ஸ் கம்பெனியில் பாடம் படித்த தலைமுறை போய்விட்டது. அவர்களிடம் கேட்டுப் படித்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. இன்றைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் பாட்டைப் போனில் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டு வந்துவிடும். ஆனால் எதிராளி எதிர்பாராத கேள்வியைப் போட்டால் பதிலுக்கு எங்கே போவார்கள் என்பதுதான் என் கவலை. ஏழு பேர் கட்டையையும் மனதில் ஏற்றிக்கொள்ளும் ஆர்மோனியக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்கிறவர்கள்தான் குறைவு.

ஒரு வேண்டுகோள். பழைய நாடக நோட்டீஸ் யார் வீட்டிலாவது இருந்தால், மங்கிய ரோஸ் தாளில், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் படங்களோடு, 'நாடகம் சரியாக இரவு பத்து மணிக்கு' என்று அச்சடித்தது, அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒத்திகையும் இல்லாமல், பிரதியும் இல்லாமல் நடந்த ஒரு கலைக்கு அந்தத் தாளைத் தவிர வேறு எழுத்துச் சான்று அதிகம் கிடையாது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஊர், ஆண்டு, நடித்தவர்கள் பெயர் மூன்றும் தெரியும்படி எடுத்தால் போதும். என்னிடம் இப்போது நாற்பத்தொன்று இருக்கிறது. அவற்றில் பதினாறில் ஆர்மோனியக்காரர் பெயரே போடவில்லை.